சைக்கிள் ஷெட்டுக் குளவியும் தண்ணீர்த்தொட்டிக் குளவியும்

தணிகாசலத்துக்கு நாற்பத்தெட்டு வயது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆறு வருஷமாக முனைவர் பட்டத்துக்குக் குளவி ஆராய்ச்சி. அவருடைய நெறியாளர் மெஹர்நிஷாவுக்கு முப்பத்தைந்து. வயதைப் பார்த்தால் வேலை நடக்குமா? இவர் ‘மேடம்’ என்பார், அவர் ‘சார்’ என்பார்.

அன்று மத்தியானம் மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சார், முகமே சரியில்லையே?”

“ஆராய்ச்சி போச்சு மேடம். சைக்கிள் ஷெட்டுக் குளவி தண்ணீர்த்தொட்டிக் கூட்டுக்குப் போனா, அங்க இருக்கிறதுங்க விரட்டி விரட்டிக் கொட்டுது. உடம்பு மேல இருக்கிற மெழுகை வச்சுத்தான் வேத்தாள்னு கண்டுபிடிக்குது. சரின்னு ரெண்டு கூட்டு மெழுகையும் கழுவி எடுத்து மெஷின்ல போட்டேன்.”

“என்ன வந்தது?”

“இதுல இருபத்துமூணு பொருள். அதுலயும் அதே இருபத்துமூணு.” பட்டியலை நீட்டினார். இரண்டு பக்கமும் வரிசையாக டிக். “மாசக் கடைசியில பதிவு முடியுது. இனி நீட்டிக்க மாட்டாங்க. வித்தியாசமே இல்லைன்னு எந்த முகத்தோட எழுதிக் கொடுப்பேன்?”

“முதல்ல சாப்பிடுவோம். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க.”

மெஹர்நிஷா தன் டிபன், ஆபீஸ் கிளார்க் டிபன், சார் டிபன் மூன்றையும் திறந்தார். மூன்றிலும் சாம்பார்தான். மூன்று டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார்.

“குடிங்க சார்.”

தணிகாசலம் முதல் டம்ளரைக் குடித்து ஓரமாக வைத்தார். இரண்டாவதில் ஒரு வாய்தான். “இது எங்க வீட்டுது.”

“மத்ததுல இல்லாதது இதுல என்ன இருக்கு?”

“எல்லாத்துலயும் அதே பருப்பு, புளி, மிளகாய், பெருங்காயம்தான். என் வீட்டுக்காரி மட்டும் பெருங்காயத்தை அள்ளிக் கொட்டுவா. இருபது வருஷமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன், கேட்டாத்தானே?”

அப்படியே நிறுத்தினார். டம்ளரைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். இருக்கா இல்லையா என்றுதான் டிக் போட்டிருந்தார். எது எவ்வளவு என்று மெஷின் அளந்து கொடுத்ததை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பிடாமலே கம்ப்யூட்டருக்கு ஓடினார். அரை மணி கழித்து வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“ஒரு பொருள் ஷெட்டுக் குளவிகிட்ட மூணு மடங்கு மேடம். அந்தக் கூட்டுக் குளவி எல்லாத்துலயும் அப்படியே வருது.”

“எழுத ஆரம்பிங்க.”

“ஆரம்பிச்சுடறேன். பட்டம் வாங்கற அன்னைக்காவது பெருங்காயத்தைக் குறைச்சுப் போடச் சொல்லணும்.”

மெஹர்நிஷா அவருடைய டிபனை மூடி அவர் கையில் கொடுத்தார்.

“குறைச்சுட்டா வீட்டை எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?”