முதலில் யார் கொடுப்பது

“பரிசோதனை முடிவை அனுப்பிவிட்டோம் என்றது ஆய்வகம். வரவே இல்லை என்றது மருத்துவமனை. நடுவில் என் தங்கையின் ஒரு கண் போயே போச்சு, மேடம்.”

மூன்று வருடம் முன்பு, வகுப்பில் சேர்ந்த அன்று செங்கோடன் சொன்னது இது. கணினிகள் பரிமாறும் செய்தியைப் பிறகு யாரும் மறுக்க முடியாதபடி செய்யும் வித்தையைக் கற்றுத்தருபவர் பிரபாவதி. மாணவருக்கு ஐம்பத்தொரு வயது; ஆசிரியைக்கு நாற்பதுகூட இல்லை.

செங்கோடனின் முதல் திட்டத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ரசீது, அந்த ரசீதுக்கு இன்னொரு ரசீது.

“அதுக்கு ரசீது?” என்றார் பிரபாவதி.

மனுஷர் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டார்.

இரண்டாவது திட்டத்தில் எல்லாச் செய்தியும் நடுவர் கணினி ஒன்றின் வழியாகவே போகவேண்டும். சோதித்த அன்று மதியத்துக்குள் நடுவர் மூச்சு முட்டிப் படுத்துவிட்டார்.

இன்று செங்கோடன் கையில் இருந்தது, வகுப்பை விட்டு விலகும் கடிதம்.

“என்னால ஆகாது மேடம். கடிதம் கிடைச்சதுன்னு முதல்ல கையெழுத்துப் போடுங்க.”

“படிக்காம எப்படிப் போடுறது? முதல்ல கொடுங்க.”

“கையெழுத்து இல்லாம எப்படிக் கொடுக்கிறது?”

இரண்டு கைகளும் நீண்டபடியே நின்றன. நல்ல கூத்துதான்.

பிரபாவதி ஒரு தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். கடிதத்தை உள்ளே போட்டுப் பூட்டச் சொன்னார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைச் செங்கோடனிடம் கொடுத்தார். மற்றதை வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ‘கடிதம் பெற்றேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

செங்கோடன் அதை வாங்கிக்கொண்டார்.

“இப்ப நான் சாவி தராம போயிட்டா?”

“இதே ரசீதைக் காவலாளிகிட்டயும் எழுதிக் கொடுத்தா, அவர் தன் சாவியைத் தருவார்.”

“நீங்க கையெழுத்தே போடலைன்னா?”

“பூட்டின பெட்டியை வெச்சு நான் என்ன பண்ண?”

“ரெண்டு பேரும் ஒழுங்கா நடந்துகிட்டா அவருக்கு என்னதான் வேலை?”

“ஒண்ணும் இல்லை. தூங்கட்டும்.”

“அப்புறம் அவர் எதுக்கு?”

“இப்படி ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில வரவே இல்லைன்னு சொல்லியிருப்பாங்களா, சார்?”

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ரசீதை நான்காகக் கிழித்தார். பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

“சார், அந்தக் கடிதம்?”

“எந்தக் கடிதம், மேடம்?”