நாற்பது பெட்டி ரசம்

கம்பம் பள்ளத்தாக்கில், கறுப்புத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னத் துறவு மடம். பூசைக்கான திராட்சை ரசம் அங்கேதான் தயாராகும். செய்கிறவர் பிரதர் சவரிராயன், வயது அறுபத்திரண்டு. மடத்துத் தலைவர் ஞானாதிக்கம் சாமி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தாலும் குரு குருதான். மனசில் ஏதாவது உறுத்தினால் பிரதர் அவரிடம்தான் போய் நிற்பார்.

அன்று உறுத்தியது ஒரு கடிதம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பிரதர் ஒரு புது வேலை செய்து பார்த்தார். மலைக்கோயில்களில் ஒரு பூசைக்கு ஒரு கரண்டி ரசம்தான் செலவாகும். கண்ணாடிப் புட்டியைத் திறந்தால் மாதக் கடைசிக்குள் காற்றுப் பட்டுப் புளிப்பேறிவிடும். அதனால் ரசத்தைப் பையில் அடைத்து, பையை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஒரு சின்னக் குழாயும் பொருத்தி அனுப்பினார். எடுக்க எடுக்கப் பை சுருங்குமே தவிர, காற்று உள்ளே போகாது.

போன வேகத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. ஆண்டவருக்குப் பாக்கெட் பால் மாதிரியா கொடுப்பது என்று ஒரு பங்குச் சாமியார் கூட்டத்தில் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பிரதர் பேசாமல் பழையபடி புட்டிக்கே போய்விட்டார். அந்தச் சிரிப்பை மட்டும் பாவம், அவரால் மறக்க முடியவில்லை.

இப்போது அதே சாமியார் ஆயர் இல்லத்தில் பொறுப்பில் இருந்துகொண்டு எழுதியிருந்தார். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களே பெட்டியில்தான் வாங்குகிறார்களாம். மலைக்கோயில் நாற்பதுக்கும் பெட்டி ரசம் வேண்டுமாம். பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“முடியாதுன்னு எழுதிடறேன் சாமி,” என்றார் பிரதர். “எனக்கு அலுத்துப்போச்சு. பெட்டியும் அதே பெட்டி, ரசமும் அதே ரசம். அன்னைக்கு அசிங்கமா இருந்தது இன்னைக்கு எப்படி நல்லதாச்சு? இவங்களுக்கு நான் எதுக்குச் செய்யணும்?”

சாமி பூசைக்கு வைத்திருக்கும் ரசத்தை எடுத்துவரச் சொன்னார்.

மடத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்வதும் பிரதர்தான். போய், பூவேலை செய்த கண்ணாடிப் புட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். சாமி அதிலிருந்து ஒரு வாய் தம்ளரில் ஊற்றி நீட்டினார்.

பூசையில் ரசம் அருந்துகிறவர் சாமி ஒருவர்தான். பீடத்துப் புட்டியிலிருந்து பிரதர் ருசி பார்த்ததே இல்லை. வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

“திறந்து எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார் சாமி.

“இருபத்தஞ்சு நாள் இருக்கும், சாமி.”

“ஏழு வருஷமா மாசக் கடைசியில இப்படித்தான் இருக்கு.”

பிரதருக்குச் சங்கடமாகிவிட்டது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“திரும்பி வந்த பெட்டியில ஒண்ணையாவது நம்ம பீடத்துக்குக் கொண்டுவருவீங்கன்னு பார்த்தேன்.”

அட்டைப்பெட்டியோடு பீடத்துப் பக்கம் போக ஒருநாளும் பிரதருக்கு மனசு வந்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஏழு வருஷக் கோபத்தைச் சுமந்த அசதியும் சேர்ந்துகொண்டது.

புட்டியை மூடி வைத்துவிட்டு, கடிதத்துக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

“நாப்பது அனுப்பறோம்னு எழுதுங்க,” என்றார் சாமி. “செய்யும்போது நாப்பத்தொண்ணாச் செய்யுங்க.”