எந்தப் பொத்தான்

"எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கு, டீச்சர். ஆனா யாரும் விளையாட மாட்டேங்கறாங்க."

சொல்லிவிட்டுச் சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டான். சென்னையிலிருந்து திருச்சி வரைக்கும் ரயிலில் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தான்.

சுகந்தினி பழைய வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதன் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவனைவிட அவள் பத்து வயதாவது இளையவள். ஆனாலும் அவள்தான் அவனுக்கு ஆசிரியை. கேம் செய்கிறவர்கள் மத்தியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அழகாக இருக்கிறது, ஆனால் செத்துக் கிடக்கிறது என்றால் அந்த ஆட்டத்தை அவளிடம் கொண்டுபோவார்கள். அவள் ஆட்டத்தின் படம் எதையும் பார்க்க மாட்டாள். விதிகளை மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்பாள். கேட்டுவிட்டு ஒரு விதியை எடுப்பாள், அல்லது ஒன்றைச் சேர்ப்பாள். ஆட்டம் எழுந்து உட்கார்ந்துவிடும்.

சிவசைலத்துக்கு அது பிடிபடவே இல்லை. அதனால்தான் விடாமல் வந்துகொண்டிருந்தான்.

அவள் இலங்கையில் வன்னியிலிருந்து வந்தவள் என்று அவனுக்குத் தெரியும். அதற்குமேல் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

*

அவன் கண்ணை வைத்துப் பிழைக்கிறவன்.

கன்சோலில் ஆடும் ஒரு போர் ஆட்டத்துக்காக ஆறு வருடம் உழைத்திருந்தான். ஆட்டத்தின் காட்சிகளை வரையும் நாற்பது பேர் அவனுக்குக் கீழே. ஈர மண்ணில் பூட்ஸ் பதிந்தால் விளிம்பு எப்படிச் சரியும், எரிந்த ஓட்டு வீட்டின் சுவரில் கரி எந்தப் பக்கம் அதிகம் படியும், பயந்தவன் கழுத்தில் வியர்வை எங்கே முதலில் துளிர்க்கும், எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தான். ஒரு தடவை மழையில் நனைந்த நாயின் பின்னாலேயே தெருத் தெருவாக அலைந்தான்.

அம்பாசமுத்திரத்தில் அவன் அப்பா கண்ணை மூடியபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். உதட்டின் நிறம் எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், ஆட்டத்தில் செத்துக் கிடக்கும் ஒரு சிப்பாயின் முகத்துக்கு அந்த நிறத்தைக் கொடுத்தான்.

அவன் மனைவி கோமதி ஒருநாள் காப்பி கொண்டுவந்தவள் அந்தத் திரையைப் பார்த்தாள். காப்பியை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் வருவதில்லை.

இவ்வளவும் செய்து என்ன? ஆடிப் பார்க்க வந்த பையன்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள். திரையைச் செல்போனில் படம் எடுத்தார்கள். அரை மணி நேரம் ஆனதும் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். எழுந்து போனவர்கள் திரும்ப வந்து உட்காரவில்லை. வேறொரு கூட்டத்தை வரவழைத்தார்கள். அவர்களும் அப்படியே. இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஆட்டத்தை மூட்டை கட்டிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று முதலாளி தன்மையாகவே சொல்லிவிட்டார்.

சிவசைலம் இதையெல்லாம் சொல்லி முடித்தான். அப்பாவின் உதட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

சுகந்தினி கன்ட்ரோலரை மூடித் திருகாணியை முடுக்கினாள்.

"என்ன செய்யிறது எண்டு கேக்கிறியளோ, ஏன் எண்டு கேக்கிறியளோ?"

"ஏன்னு தெரிஞ்சா போதும், டீச்சர்."

அவள் அந்தக் கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தாள். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள்.

*

டிவியில் வெறும் கறுப்பு.

கறுப்புக்குள் இரண்டு புள்ளிகள். வெள்ளைப் புள்ளி அவனுடையது. சாம்பல் புள்ளி அவளுடையது. சத்தம் கிடையாது. வெள்ளை எதிர்ச் சுவரைத் தொட்டுவிட வேண்டும். அதற்குள் சாம்பல் அதைப் பிடித்துவிட வேண்டும். நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். நின்றால் மறைந்துவிடும். அவ்வளவுதான் விதி.

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தபடி சிவசைலம் நேராக ஓடினான். பிடிபட்டான்.

மறுபடியும் ஓடினான். பாதியில் நின்றான். சாம்பல் எங்கே என்று தெரியவில்லை. தன் புள்ளி எங்கே என்றும் தெரியவில்லை. கட்டைவிரல் வியர்த்தது. துளி நகர்ந்தான். பக்கத்திலேயே இருந்தது சாம்பல்.

டீ வைத்திருந்தாள். அது ஆடை கட்டியது. அவன் பார்க்கவில்லை. சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தான். எப்போது இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு தடவை சுவரைத் தொட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தான் என்று யோசித்தால் அவனுக்கு நினைவு வந்திருக்காது. அந்த ஒரு தடவைதான் ஜெயித்தான். மற்றதெல்லாம் அவள்தான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவளால் அசையாமல் இருக்க முடிந்தது.

கன்ட்ரோலரைக் கீழே வைத்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவருக்குப் போயிருந்தது.

"புரிஞ்சிடுச்சு, டீச்சர்," என்றான். இத்தனை வருடமும் வெள்ளையடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், வீடு கட்டவே இல்லை என்றான். ஊருக்குப் போன கையோடு அத்தனை படத்தையும் தூக்கி எறிந்துவிடப் போகிறேன், மண் வேண்டாம், புகை வேண்டாம், முகம் வேண்டாம், எல்லோரும் புள்ளியாக இருக்கட்டும் என்றான். சொல்லச் சொல்ல உடம்பு லேசாவது போல இருந்தது. யாருடைய உதட்டையும் இனிப் பார்க்க வேண்டியதில்லை.

சுகந்தினி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து கதவருகே நின்றாள்.

"உங்களுக்கு விளங்கேல்லை."

அவன் நிமிர்ந்தான்.

"எறியிறதுக்கு முன்னம் எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ."

*

இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. கன்சோல் அவன் பையிலேயே இருந்தது. ஒருவேளை கேட்டால் என்று ஒவ்வொரு தடவையும் எடுத்து வந்து, ஒவ்வொரு தடவையும் அப்படியே திரும்பக் கொண்டுபோவான். வயரைச் சொருகினான். அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

ஆட்டம் தொடங்கியது.

விடியும் நேரத்து ஊர். தலை அறுந்த பனைகள். ஓடு சரிந்த வீடுகள். செம்மண்ணில் தேங்கிய தண்ணீரில் வானம் கலங்கித் தெரிந்தது.

அவள் கொஞ்ச நேரம் கன்ட்ரோலரைத் தொடவில்லை. பிறகு நடந்தாள்.

வழியில் துப்பாக்கி கிடந்தது. எடுப்பதற்கு எதை அழுத்த வேண்டும் என்று அவன் சொன்னான். அவள் அதைத் தாண்டிப் போனாள். ஆடிய பையன்கள் எல்லோரும் நேரே சந்திக்குத்தான் ஓடுவார்கள், சண்டை அங்கேதான். அவள் ஒரு வீட்டின் பின்பக்கமாகத் திரும்பினாள்.

அங்கே ஒரு பங்கர் இருந்தது. நிலத்தைத் தோண்டி, மேலே மரக்குற்றிகள் அடுக்கி, சுற்றிலும் மண்மூட்டை வைத்த பதுங்குகுழி. ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பார்க்க நன்றாக இருக்கும் என்று அவன் வைத்தது. ஆடியவர்களில் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

மூட்டைகள் சாக்கில் தைத்தவை அல்ல. சேலைத் துணியில் தைத்தவை. பச்சை, மாம்பழ நிறம், பூப்போட்டது, ஜரிகை வைத்தது. போரைப் பற்றிய ஒரு பழைய புகைப்படத்தில் அவன் அப்படிப் பார்த்திருந்தான். அந்த நிறங்கள் அவனை விடவில்லை. இழை இழையாக வாரக்கணக்கில் நெய்தான்.

அவள் மூட்டைகளின் கிட்டே போய் நின்றாள். ஒன்றையே பார்த்தாள்.

"இது ஆரின்ர சீலை?"

"தெரியாது, டீச்சர். ஒரு போட்டோவுல இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். கல்யாணச் சேலையைத்தான் கடைசியாகக் கிழிப்பார்கள் என்றாள். பிறகு குனிந்து உள்ளே இறங்கினாள்.

உள்ளே ஒரு தாய் இருந்தாள். அவள் மடியில் கைக்குழந்தை. அவர்களையும் அவன்தான் வைத்திருந்தான்.

சுகந்தினி அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை.

*

சிவசைலம் பொறுத்துப் பார்த்தான். பிறகு, இங்கே ஒன்றும் நடக்காது, வெளியே போக வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னான்.

"வெளியில போகேலாது," என்றாள்.

தலைக்கு மேலே பூட்ஸ் சத்தம் கேட்டது. மரக்குற்றிகளின் இடுக்கிலிருந்து மண் உதிர்ந்து, உள்ளே விழுந்த வெளிச்சத்தில் மிதந்தது. அந்த மண் உதிர்வதில் அவனுக்குத் தனிப் பெருமை. அதைக் கவனித்தாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

அப்போது குழந்தை அழுதது.

அது நிஜ அழுகை. தங்கை மகள் தொட்டிலில் கிடந்து அழுததைப் பதிவு செய்து சேர்த்திருந்தான். அதை அவளிடம் சொன்னான். மேலே நடக்கிறவர்களுக்குக் காது உண்டு, சத்தம் எங்கே கேட்டாலும் திரும்பிவிடுவார்கள், அதையும் நிஜம்போலவே செய்திருக்கிறோம் என்றும் சொன்னான். பேசிக்கொண்டே இருந்தான். ஏன் பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினான்.

மேலே பூட்ஸ் சத்தம் நின்றது.

பக்கத்தில் மூச்சுச் சத்தமும் இல்லை என்பதை அவன் அப்போதுதான் உணர்ந்தான். அவள் இமைக்கவில்லை. அவளுடைய கழுத்தில், காதுக்குச் சற்றுக் கீழே, வியர்வை துளிர்த்திருந்தது. அவன் ஆட்டத்தில் வைத்த இடம் அது இல்லை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அண்ணை, பிள்ளையின்ர வாயைப் பொத்துறதுக்கு எந்தப் பொத்தான்?"

சிவசைலம் கன்ட்ரோலரைப் பார்த்தான். சுடுவதற்கு ஒன்று. ஓடுவதற்கு ஒன்று. குதிக்க, குனிய, குண்டு எறிய, துப்பாக்கி மாற்ற. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தான்.

"அப்படி ஒண்ணு இல்ல, டீச்சர்."

"அண்டைக்கு எனக்கு அது ஒண்டுதான் இருந்தது."

அவளுடைய வலது கை கன்ட்ரோலரை விட்டு எழுந்திருந்தது. உள்ளங்கை குழிந்திருந்தது. மிகச் சின்ன முகம் ஒன்று அடங்கும் அளவுக்குத்தான் குழிந்திருந்தது.

அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"குழந்தை..."

"தங்கச்சி," என்றாள். "மேல நடந்தவை போனாப் பிறகுதான் கையை எடுத்தன். நித்திரை எண்டுதான் அம்மாவும் நினைச்சவ."

திரையில், மேலே நின்ற சிப்பாய்கள் பங்கருக்குள் இறங்கினார்கள். வெளிச்சம் அடைத்தது. வெடிச் சத்தம். திரை சிவந்து இருண்டது.

பிறகு ஆட்டம் தானாகவே மறுபடி தொடங்கியது. அதே பங்கர். அதே தாய். மேலே யாருமில்லை இன்னும். குழந்தை முதலிலிருந்து அழ ஆரம்பித்தது. மூச்சை இழுத்து, விக்கி, தொண்டை முழுக்கத் திறந்து அழுதது.

சிவசைலத்தால் தாங்க முடியவில்லை. எட்டி, டிவியின் சத்தத்தை நிறுத்தப் போனான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்கோ," என்றாள். "அழட்டும்."