படிக்கட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட லிஃப்ட்

கோயம்புத்தூரில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. அதில் ஒரு லிஃப்டும் ஒரு படிக்கட்டும் அடுத்தடுத்து வாழ்ந்துவந்தன. லிஃப்டுக்குள் விளக்கு, விசிறி, முகம் பார்க்கக் கண்ணாடி எல்லாம் உண்டு. படிக்கட்டுக்கு ஒரு துருப்பிடித்த கைப்பிடிக் கம்பிதான்.

நாலாம் மாடியில் நாச்சிமுத்துவும் அவர் மனைவி ருக்மணியும் இருந்தார்கள். நாச்சிமுத்து கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நல்ல பருமன். அவர் ஏறினால் லிஃப்ட் லேசாக அமுங்கும். அந்த அமுக்கம் லிஃப்டுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"நான் இல்லேன்னா இவரு வீட்டுக்கே போக முடியாது, தெரியுமா?" என்று படிக்கட்டிடம் பீற்றிக்கொள்ளும்.

படிக்கட்டு, "அப்படியா?" என்று மட்டும் கேட்கும்.

ஒரு முறை முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் போன நாச்சிமுத்துவிடம், எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே சோற்றை விட்டார். காலையில் வெள்ளரிக்காய், மதியம் மோர், ராத்திரி வெறும் வெந்நீர். ருக்மணி கெஞ்சியும் கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் கடையிலிருந்து திரும்பியவர், லிஃப்டுக்குள்ளேயே கண் இருட்டிச் சரிந்துவிட்டார்.

"பார்த்தியா, என் மடியிலதான் விழுந்தாரு!" என்றது லிஃப்ட். அதிலும் அதற்கு ஒரு பெருமை.

டாக்டர் இந்தத் தடவை நிதானமாகப் பேசினார். "உடம்பு ஒரே நாள்லயா பெருத்துச்சு? மெதுவாத்தானே வந்துச்சு? போறதும் மெதுவாவே போகட்டும். சோறு சாப்பிடுங்க, கொஞ்சம் கம்மியா. காய் கூடுதலா. முடிஞ்ச அளவு நடங்க."

ருக்மணி அதைப் பிடித்துக்கொண்டாள். தட்டில் சோறு ஒரு கரண்டி குறைந்தது. கீரையும் அவரைக்காய்ப் பொரியலும் அந்த இடத்துக்கு வந்தன. கடையில் குடிக்கும் டீயில் சர்க்கரை பாதியானது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

"நாலு மாடியும் ஏற வேண்டாமுங்க. ஒரு மாடி மட்டும் ஏறிப் பாருங்க. அப்புறம் லிஃப்டுலயே வந்துருங்க" என்றாள்.

அப்படியே செய்தார். முதல் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பொத்தானை அழுத்தியபோது, லிஃப்ட் அலட்சியமாகச் சிரித்தது. "பார்த்தியா, எங்கிட்டத்தான் வர்றாரு."

கொஞ்ச நாளில் அவர் இரண்டாம் மாடியில் பொத்தானை அழுத்தினார். லிஃப்டின் சிரிப்பு நின்றது. பிறகு மூன்றாம் மாடி. மழைக்காலம் முடிவதற்குள், அவர் பொத்தானை அழுத்துவதே இல்லை என்றாகிவிட்டது.

லிஃப்டுக்கு வயிறு எரிந்தது. அவர் வரும் நேரம் பார்த்துக் கீழே வந்து, கதவை அகலத் திறந்துவைத்து, விசிறியைச் சுழலவிட்டுக் காத்திருக்கும். அவர் தாண்டிப் போய்விடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஏறுவார். என்னிடம் ஒரு நாளாவது பாடியிருக்கிறாரா என்று லிஃப்ட் குமுறும்.

"உங்கிட்ட என்ன இருக்குன்னு அவரு வர்றாரு? ஒரு கண்ணாடி உண்டா? காத்து உண்டா?"

"ஒண்ணும் இல்லதான்" என்றது படிக்கட்டு.

அந்தப் பதில் லிஃப்டுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. 'நான் நின்னுட்டாத்தான் என் அருமை தெரியும். படியே கதின்னு எல்லாரும் ஏறட்டும். ஏறிக் காலு நோகட்டும். அவரும் என்னைத் தேடி வருவாரு' என்று முடிவு செய்தது. ஒரு மதிய நேரத்தில், மூன்றாம் மாடிக்கு ஒரு சாண் கீழே சட்டென்று நின்றுகொண்டது.

உள்ளே இருந்தவள் மூன்றாம் மாடி நஸ்ரின். நிறைமாதக் கர்ப்பிணி. விளக்கும் அணைந்ததும் அவள் கதவைத் தட்டி அலறினாள்.

பொறாமையில் லிஃப்ட் இதை எண்ணிப் பார்க்கவே இல்லை. பயந்துபோய் நகரப் பார்த்தது. முடியவில்லை.

கீழே நாச்சிமுத்து அப்போதுதான் வண்டியை நிறுத்தியிருந்தார். அலறலைக் கேட்ட காவலாளி, லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவியோடு நொண்டிக்கொண்டே வந்தார். "எனக்கு மூட்டு வலிங்க, ஏற முடியாதுங்க!"

நாச்சிமுத்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினார். எங்கும் நிற்கவில்லை. மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து, லிஃப்டுக்குள் இறங்கி, அவளைத் தாங்கிப் பிடித்தார்.

"பயப்படாத கண்ணு, வந்துட்டேன். இந்தக் கையைப் பிடிச்சுக்க. மெதுவா ஏறு."

வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்ட நஸ்ரின் அவரையே பார்த்தாள். "அங்கிள், கீழே இருந்தா ஓடி வந்தீங்க? உங்களுக்கு மூச்சே வாங்கலையே!"

அப்போதுதான் நாச்சிமுத்துவும் அதைக் கவனித்தார். நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார். சிரித்துவிட்டு, அவளை அவள் வீடுவரை கூட்டிக்கொண்டு போனார்.

லிஃப்ட் திகைத்துப்போய் நின்றது. தனக்குள் இறங்கியது யாரோ புது ஆள் என்றுதான் அது முதலில் நினைத்தது. அந்தப் பழைய அமுக்கம் இல்லை. குரலைக் கேட்டபின்தான் அவரை அடையாளம் தெரிந்தது.

மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போனதும், அது படிக்கட்டின் பக்கம் திரும்பியது. இத்தனை நாள் பொறாமையும் ஒன்றாகப் பொங்கி வந்தது.

"திருட்டுப் படியே! நான் தினமும் தூக்கிச் சுமந்த ஆளு இவ்வளவுதானா? மீதியை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

"நான் எதையும் எடுக்கலை" என்றது படிக்கட்டு. "தினமும் கொஞ்சம் கொஞ்சமா அவராத்தான் இறக்கி வெச்சுட்டுப் போனாரு. நீ அவரைத் தூக்கிக்கிட்டே இருந்தே. பாவம், அவரு எதை எங்கே இறக்கி வைப்பாரு?"