மாவு குடிச்சவன் கை

"இந்த ஒரு டப்பாவையாவது குடிங்க மாஸ்டர். நான் சொன்னா கேக்கவே மாட்டியளா?"

கேட்டது இசக்கியப்பன். அம்பது வயசுல, சர்க்கரைக்குப் பயந்து ஜிம்முக்கு வந்து சேந்த சிஷ்யன். தூத்துக்குடியில அந்த ஜிம்மை நடத்துன ஜெயசிங் மாஸ்டருக்கு அவரைவிட வயசு கம்மி.

இப்ப மாஸ்டர் கட்டில்ல கெடந்தார். நரம்பு நோய். ஒரு காலத்துல சட்டைக் கை பத்தாத புஜம், குச்சியாப் போச்சு. டாக்டர் கையை விரிச்சிட்டார்.

"என்ன டப்பா அண்ணாச்சி?"

"சதை ஏத்துற பவுடர். ஏதோ வேராம். ஆராய்ச்சியெல்லாம் பண்ணியிருக்கான்."

"எத்தனை ஆராய்ச்சி?"

"ஒண்ணு."

மாஸ்டர் சிரிச்சார். சிரிப்பு இருமலாப் போய் முடிஞ்சுது.

"யாருக்குக் குடுத்துப் பாத்தான்?"

"காலேஜ் பயலுகளுக்கு. இருபது பேரு."

"படுக்கையில கெடக்கவனுக்கு?"

இசக்கியப்பன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். படத்துல இருந்தவன் மலையை முறைச்சுக்கிட்டு நின்னான்.

"செலவு யாரு பண்ணா?"

"பவுடர் கம்பெனிதான்."

"நல்ல மனசு."

"கேலி பண்ணாதீய மாஸ்டர். குடிச்சவன் கை பருத்திருக்கு. அளந்து போட்டிருக்கான்."

"சரி. குடிக்காதவன்?"

"பாதிப் பேருக்கு வெறும் மாவைக் கரைச்சுக் குடுத்திருக்கான்."

"அவன் கை?"

இசக்கியப்பனுக்கு, மக போன்ல படிச்சுச் சொன்னப்பவே அந்த வரி உறுத்துச்சு. வழியெல்லாம் அதை மறக்கப் பாத்துக்கிட்டுதான் வந்தார்.

"அதுவும் பருத்திருக்கு."

"எவ்வளவு?"

"கிட்டத்தட்ட அதே அளவு."

"எப்படி?"

"ரெண்டு கூட்டமும் தினம் வெயிட் தூக்கியிருக்கு மாஸ்டர்."

மாஸ்டர் தன் வலது கையைப் பாத்தார். தூக்கப் பாத்தார்.

போர்வை மேல ஒரு விரல் லேசா அசைஞ்சுது. அவ்வளவுதான்.

இசக்கியப்பன் டப்பாவைப் பைக்குள்ள போட்டார்.

"அப்ப நான் என்னதான் செய்ய? கண்ணை மூடுனா இந்தக் கைதான் தெரியுது. எத்தனை நாளாச்சு தெரியுமா, நான் தூங்கி? ஒண்ணுமே செய்யாம எப்படி மாஸ்டர் வீட்டுக்குப் போவேன்?"

மாஸ்டர் அந்தப் பையைப் பாத்தார்.

"எடுங்க அண்ணாச்சி. பால்ல கலக்குங்க."

"இப்பதான மாஸ்டர், வேலை செய்யாதுன்னு…"

"எனக்குத்தான் செய்யாது."

மாஸ்டர் வாயைத் திறந்தார்.