ரபேல் சாமி வந்த மாதிரியே போன கதை

சூசைநேரி ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். என் மனைவி பிறந்த ஊர் என்பதால் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவள் இருந்தவரை அந்த ஊரைப் பற்றி என்னை ஒரு வார்த்தை பேச விட்டதில்லை.

ரபேல் சாமி அந்த ஊருக்குப் பங்குக் குருவாக வந்த புதிதில் ஒரு பிரசங்கம் வைத்தார். கோயிலுக்குள் நுழையுமுன் அவரவர் தலைக்கனத்தை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரே தலையில் சுமையோடு வந்து நின்றது. விறகுக்கட்டு, தண்ணீர்க்குடம், உமி மூட்டை. சுமை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு அம்மிக்குழவியை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். எல்லாரும் பயபக்தியோடு வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

சாமி சிரிக்கவில்லை. ரொம்ப சந்தோஷம் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பிரசங்கத்தில் சுற்றி வளைத்துப் பேசுவதை விட்டுவிட்டார். மாடு என்றால் மாடு, மழை என்றால் மழை. அதற்கு முன் இருந்த சாமிமார் எல்லாம் அந்த ஊரைப் பார்த்து ஒரு தடவையாவது சிரித்திருக்கிறார்கள். இவர் சிரிக்கவே இல்லை. அதனால் ஊருக்கு அவர்மேல் உயிர்.

அவருக்கும் வயதாகிவிட்டது. பட்டணத்தில் வயதான சாமிமார் தங்கும் வீட்டுக்குப் போய்விடும்படியும், சனிக்கிழமை புதுச் சாமி வருவார் என்றும் ஆயர் சொல்லி அனுப்பினார். இனி நம்மைப் பார்த்துச் சிரிக்காத சாமிக்கு எங்கே போவது என்று ஊர் கலங்கிப்போனது. சாமி வெளியே ஒன்றும் காட்டவில்லை. ஆனால் பெட்டியை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

கடைசி ஞாயிறு பிரசங்கத்தில் அவர் சொன்னதையே இரண்டு தடவை சொன்னார். அந்தத் தடுமாற்றத்தில் பழைய பாடம் மறந்துபோயிற்று.

"மேளம் வேண்டாம், மாலை வேண்டாம். நான் எப்படி வந்தேனோ அப்படியே என்னை அனுப்பி வையுங்க. அது போதும்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

அன்று மாலையே கோயில் வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். சாமி இல்லாத நாட்களில் ஜெபம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார் சந்தியாகுதான் தலைமை.

"சாமி எப்படி வந்தாவ? அதை முதல்ல சொல்லுங்க."

"என் வண்டியிலதான்" என்றார் வண்டிக்கார இன்னாசி. "மெயின் ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கினாவ. நல்ல மழை. வாய்க்கால் பாலத்துல வண்டி குடை சாஞ்சுட்டு."

"அது உம்ம தப்பு வே."

"என் தப்போ மாட்டுத் தப்போ, சாமி அப்படித்தானே வந்தாவ?"

மழையும் வண்டி சாய்வதும் முடிவாயின. சாமி வீட்டில் சமையல் செய்யும் பிரகாசி, வந்தபோது சாமி கழுத்தெலும்பு தெரிகிற அளவுக்கு ஒல்லி என்று ஞாபகப்படுத்தினாள். தலைமுடி கன்னங்கரேலென்று இருந்தது என்றார் முடிவெட்டுகிறவர். இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சிக்கல் மேளத்தில் வந்தது. வந்த அன்று மேளம் அடித்தார்கள். இப்போது சாமி மேளம் வேண்டாம் என்கிறார். வந்த மாதிரியே என்றும் சொல்கிறார். இரண்டும் அவர் வாக்குதான். கடைசியில் மேளம் அடிக்க வேண்டும், ஆனால் மேளம் கேட்கக் கூடாது என்று உபதேசியார் தீர்ப்புச் சொன்னார்.

"துணியைச் சுத்தி அடிக்கட்டுமா?" என்று கேட்டார் மேளக்கார சவரி.

"துணி பட்டாலும் சத்தம் வரும் வே. தோலைக் கழத்திட்டு அடியும்."

அந்த வாரம் முழுக்கப் பிரகாசி சாமிக்குக் கஞ்சித் தண்ணீர் தவிர வேறொன்றும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை முடிவெட்டுகிறவர் கிண்ணத்தில் சாயத்தோடு வந்து நின்றார். இதெல்லாம் என்ன என்று சாமி கேட்டதற்கு, "நீங்க சொன்னதுதான் சாமி" என்றார். சாமி யோசித்தார். விளக்கம் சொன்னால் அதையும் கேட்டு நடப்பார்கள். பேசாமல் தலையைக் குனிந்து கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் இன்னாசி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். மெயின் ரோடு வரை வண்டி சாயவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் விழவில்லை. தூரத்தில் பஸ் தெரிந்தது. அன்றைக்கு அதுதான் கடைசி பஸ். சாமி இறங்கி எல்லாருக்கும் ஆசீர்வாதம் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ் வந்து நின்றதும் படியில் கால் வைக்கப்போனார். உபதேசியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க சாமி போறீங்க?"

"பஸ்ஸுல ஏற வேண்டாமா?"

"நீங்க பஸ்ஸுல இருந்து இறங்கி வந்தவங்கல்லா? ஏறி வரலையே. வாங்க, இங்க இருந்துதான் ஆரம்பம்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். தகரப்பெட்டியோடு ஓர் இளம் சாமியார் இறங்கினார். பஸ் போய்விட்டது. இளம் சாமியாரை யாரும் கவனிக்கவில்லை. அவர் பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னால் நடந்தார்.

வழி நெடுகப் பெண்கள் குடத்தோடு நின்று மழையாகக் கொட்டினார்கள். தலைச்சாயம் கரைந்து சாமியின் வெள்ளை அங்கி வரி வரியாகக் கறுத்தது. வாய்க்கால் பாலத்தில் நாலைந்து பேர் வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்கள்.

"சாமி, இப்ப கவுக்கப் போறோம். எதையும் பிடிச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க பிடிச்சுக்கலை" என்றார் இன்னாசி.

மெதுவாகத்தான் கவிழ்த்தார்கள். சேற்றோடு கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, சவரி தோலில்லாத மேளத்தை வேர்த்து விறுவிறுக்க அடித்துக்கொண்டிருந்தார். இன்று நம் பங்குக்கு வருகை தந்திருக்கும் ரபேல் சாமி அவர்களே என்று உபதேசியார் வரவேற்புரை படித்தார். படித்து முடித்ததும் மூக்கைச் சிந்தினார்.

"நல்லபடியா அனுப்பி வச்சாச்சு" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த ஊர் அப்போதுதான் வாய்விட்டு அழுதது.

இளம் சாமியார் பெட்டியை இறக்கி வைத்தார். சாவி வாங்க வேண்டும், பழைய சாமி எங்கே என்று கேட்டார்.

"இப்பத்தான் சாமி அனுப்பி வச்சோம். கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

"அப்போ இவர் யாரு?"

"இவுக இப்ப வந்தவுக. உங்களுக்கு முன்னாலதான வந்தாவ, பாக்கலையா?"

இளம் சாமியார் ரபேல் சாமியைப் பார்த்தார். ரபேல் சாமி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் முகத்தில் வழிந்த சாயத்தைத் துடைத்துக்கொண்டு பிரகாசியின் பக்கம் திரும்பினார்.

"சோறு இருக்கா?" என்று கேட்டார்.

இளம் சாமியார் மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பிப் போனார். அந்த பஸ்ஸில் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. சூசைநேரியில் ஏற்கெனவே ஒரு சாமி வந்து சேர்ந்துவிட்டார் என்று அவர் சொன்னபோது, ஆயர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லையாம். அவரும் ஒரு திருவிழாவுக்கு அந்த ஊருக்குப் போய் வந்தவர்தான்.

அன்று காலைப் பூசையில் ரபேல் சாமி வழக்கம்போல மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்து வெளியே வரும்போது, புதுச் சாமி எப்படி என்று இன்னாசி உபதேசியாரிடம் கேட்டார்.

உபதேசியார் நியாயமானவர். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"பரவாயில்லை. வந்த அன்னைக்கே குறை சொல்லக் கூடாது. ஆனாலும் வே, பழைய சாமி மாதிரி வராது."