வீட்டுக்கொரு பறக்கும் கூடை

மருதங்காட்டின் நடுவே ஆழமான ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தின் இந்தக் கரையில் நல்ல மேய்ச்சல் உண்டு. ஆனால் கோடை வந்தால் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. அந்தக் கரையில் ஒரு மடு இருந்தது. எந்த வெயிலுக்கும் அது வற்றியதில்லை.

பள்ளத்தின் குறுக்கே எப்போதோ விழுந்து கிடந்த மருத மரம்தான் விலங்குகளுக்குப் பாலம். மரம் உருளாமலிருக்க அதன் இரண்டு முனைகளையும் சீந்தில் கொடியால் பாறையோடு கட்டி வைத்திருந்தன. மழையிலும் வெயிலிலும் கொடி இற்றுப்போகும். அதனால் ஆண்டுதோறும் மாசி மாதம் எல்லா விலங்குகளும் கூடிப் புதுக்கொடி கட்டும். கட்டாரி என்ற காட்டுப்பன்றி அந்த வேலையை முன்னின்று நடத்தும்.

பூவணி என்ற சருகுமானுக்கு அந்தப் பாலத்தைக் கண்டாலே பயம். முயலைவிடச் சற்றுப் பெரிய உடம்பு. குச்சி குச்சியாகக் கால்கள். போன கோடையில் அதன் தலைக்குட்டி நடுப்பாலத்தில் கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. பூவணி எட்டிப் பார்த்தபோது கீழே பாறைகள்தான் தெரிந்தன.

இப்போது அதற்கு இரண்டாவது குட்டி பிறந்திருந்தது. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே திரியும். கோடையை நினைத்தாலே பூவணிக்குத் தூக்கம் போய்விடும்.

அந்த மாசியில் பாலம் கட்ட எல்லா விலங்குகளும் கூடியிருந்தன. அப்போது பாறைமேல் வந்து இறங்கியது ஒரு மயில். வண்ணராசா என்று பெயர். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றியது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தக் கட்டையில் நடப்பீர்கள்?" என்று கேட்டது மயில். "ஒருவர் வாலை ஒருவர் முகர்ந்துகொண்டு வரிசையில் நிற்பதும், கால் வழுக்கிச் சாவதும் ஒரு பிழைப்பா? நான் உங்களைப் பறக்க வைக்கிறேன்! வீட்டுக்கொரு பறக்கும் கூடை! நினைத்த நேரத்தில் ஏறலாம், நினைத்த இடத்தில் இறங்கலாம்!"

கொடியால் பின்னிய ஒரு சிறு கூடை அதன் காலடியில் இருந்தது. சுற்றிலும் மயிலிறகு செருகியிருந்தது. மயில் ஓர் அணிலைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தது. பாறை உச்சியிலிருந்து கூடையைத் தள்ளியது. கூடை காற்றில் ஆடி ஆடி வந்து புல்லில் இறங்கியது. அணில் துள்ளி வெளியே வந்தது.

"பறந்துவிட்டேன்! நான் பறந்துவிட்டேன்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. புதரடியில் புழு பொறுக்கிக்கொண்டிருந்த செம்போத்து மட்டும் தலையைத் தூக்கியது.

"அது எங்கே பறந்தது? மெதுவாக விழுந்தது, அவ்வளவுதான்! கூடை இல்லாமல் குதித்திருந்தாலும் அணில் இப்படித்தான் இறங்கியிருக்கும். நான் சிறகோடு பிறந்தவன். எனக்கே பாதி நாள் நடைதான்!"

"உன்னால் முடியாததை அடுத்தவர் செய்தால் உனக்கு வயிறு எரிகிறது!" என்றது முயல். எல்லாரும் சிரித்தார்கள்.

கட்டாரி முன்னே வந்தது. "தம்பி, உன் கூடையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரும்போது வரட்டும். இந்த வருஷத்துக்குப் பாலத்தைக் கட்டிவிடுவோம்."

மயில் தலையை ஆட்டியது. "அண்ணே, இந்தக் காட்டில் சீந்தில் கொடி எவ்வளவு இருக்கிறது? பாலத்துக்குக் கட்டினால் கூடைக்கு இல்லை. கூடைக்குப் பின்னினால் பாலத்துக்கு இல்லை. சித்திரைக்குள் எல்லாரும் பறக்கப் போகிறீர்கள். அப்புறம் இந்தக் கட்டை எதற்கு?"

கூட்டம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. அப்போதுதான் பூவணி எழுந்து நின்றது. கூட்டத்தில் அது ஒருநாளும் பேசியதில்லை.

"என் பிள்ளையைத் தின்ற பாலம் இது. இதற்குப் போய் இன்னொரு கொடி கட்ட என் மனம் ஒப்பவில்லை. அந்தக் கொடியில் எனக்கு ஒரு கூடை பின்னிக் கொடுங்கள். இந்தக் குட்டியாவது பிழைக்கட்டும்."

ஒரு தாய் சொல்லிவிட்டாள். பாலம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் முதல் காடே மயிலுக்காக ஓடியது. மான்கள் கொடி இழுத்து வந்தன. கரடி தேனடை கொண்டுவந்தது. குரங்குகள் இலந்தையும் அத்தியும் பறித்து வந்து குவித்தன. மயில் ஒரு நிழலில் உட்கார்ந்து தின்றது. எதையோ பின்னியது. பின்னியதைப் பிரித்து மறுபடி பின்னியது.

விலங்குகளோ இன்னும் வராத கூடைக்கு வானத்தைப் பங்கு போடத் தொடங்கின.

"நான் பெரியவன். மேல்வானம் எனக்கு!" என்றது காட்டெருமை.

"என் வளைக்கு மேலே யாரும் பறக்கக் கூடாது! பிள்ளைகள் தூங்கும்!" என்றது முயல்.

"முள்ளம்பன்றிக்குத் தனி வழி கொடுங்கள். பக்கத்தில் வந்து உரசினால் நம் கதி என்ன?" என்றது கடமான்.

இதில் இரண்டு அடிதடிகூட நடந்தது.

பங்குனி பிறந்தது. "காற்று சரியில்லை" என்றது மயில். பங்குனி பாதி போயிற்று. "இறகு போதவில்லை. அடுத்த பௌர்ணமிக்குத் தவறாது!" என்றது. பௌர்ணமியும் வந்து போனது.

"இன்னும் கொஞ்சம் கொடிதான் குறை. மூன்று முழம் நல்ல சீந்தில் யார் கொண்டுவருகிறார்களோ, முதல் கூடை அவர்களுக்கு!" என்றது மயில்.

பூவணி காடு முழுக்க அலைந்தது. சீந்தில் என்று பெயர் சொல்ல ஒரு துண்டு மிச்சமில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே அறுத்தாகிவிட்டது. களைத்துப் பள்ளத்தோரம் வந்து நின்றபோது, பாலத்தின் அடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

கட்டாரி யார் பேச்சையும் கேட்காமல், எங்கோ தொலைவிலிருந்து கொடி கொண்டுவந்து, இந்தக் கரை முனையைத் தனியாகவே கட்டி வைத்திருந்தது. முரட்டுச் சீந்தில். மூன்று முழத்துக்குக் குறையாது.

உச்சி வெயில். எல்லாம் நிழலில் படுத்திருந்தன. பூவணி சுற்றிலும் பார்த்தது. 'எப்படியும் இதில் யாரும் நடக்கப் போவதில்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. குனிந்து கொடியைக் கடித்தது. கசப்பு நாக்கில் ஏறியது. கடைசி நார் அறுந்ததும் சருகைத் தள்ளி அந்த இடத்தை மூடியது. கொடியைக் கவ்விக்கொண்டு ஓடியது.

மயில் கொடியை வாங்கி ஓரமாகப் போட்டது. "பலே! நாளைக்கே ஆரம்பித்துவிடலாம்!" என்றது.

அந்த நாளை வரவேயில்லை. சித்திரை வெயில் வந்தது. முதலில் குட்டைகள் சேறாயின. பிறகு சேறு வெடித்தது. விலங்குகள் மயிலிடம் ஓடின.

"எங்கே எங்கள் கூடை?"

மயில் சற்றும் கலங்கவில்லை. "நல்ல வேளையில் கேட்டீர்கள்! அந்தக் கரையின் காற்றை ஒருமுறை சோதித்துவிட்டு வந்துவிடுகிறேன்!" என்றது. இறக்கையை அடித்துப் பள்ளத்தைத் தாண்டிப் பறந்தது. மடுவில் இறங்கியது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. திரும்பி வரவில்லை.

இந்தக் கரையில் நின்ற விலங்குகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றன. நிழலில் ஒரே ஒரு கூடை கிடந்தது. அதே அணில் கூடை.

மயில் போன நான்காம் நாள் பூவணியின் குட்டி நாக்கைத் தொங்கப் போட்டுவிட்டது. கடமானின் கால்கள் தள்ளாடின. கட்டாரி எல்லாரையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்தது. யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"அந்தக் கரைக் கட்டு பழசுதான், ஆனால் தாங்கும். இந்தப் பக்கம் நானே கட்டினேன். முதலில் நான் போகிறேன். எங்கே வழுக்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஒவ்வொருவராக வாருங்கள்."

பூவணி முன்னே வந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தது. சுற்றிலும் எல்லாரும் நின்றார்கள். எல்லாருடைய கண்ணும் கட்டாரிமேல் இருந்தது.

"அண்ணே... கொஞ்சம்..."

"பயப்படாதே, பூவணி. குட்டியை எனக்குப் பின்னாலேயே கூட்டிவா. கீழே பார்க்காதே" என்றது கட்டாரி.

'ஒரு கொடிதானே, மரம் இவ்வளவு கனம் இருக்கிறதே, தாங்கும்' என்று நினைத்துக்கொண்டது பூவணி. வாயை மூடிக்கொண்டது.

கட்டாரி பத்து அடி நடந்தது. மரம் மெல்ல அசைந்தது. இந்தக் கரை முனை பாறையிலிருந்து நழுவியது. கட்டாரி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. தன் கட்டு எப்படி அவிழ்ந்தது என்று அதற்குக் கடைசிவரை புரியவில்லை. மரம் உருண்டது. பன்றியும் மரமும் சேர்ந்து பள்ளத்தில் விழுந்த சத்தம் வெகு நேரம் கேட்டது.

இனிமேல் ஒரே வழிதான். பள்ளம் தொடங்கும் மலையடிவாரம் வரை நடந்து, சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்கு வர வேண்டும். மூன்று நாள் நடை. நிழலில்லாத பாறைக்காடு.

நடந்தார்கள். முதல் நாள் முள்ளம்பன்றி உட்கார்ந்தது, எழவில்லை. இரண்டாம் நாள் முயலின் நான்கு பிள்ளைகளில் மூன்று போயின. கடமான் மூன்றாம் நாள் காலையில் விழுந்தது. பூவணி விடியலில் பாறையில் பூத்திருந்த பனியை நக்கி நக்கிக் குட்டியின் வாயில் வைத்தது. நடக்கும்போதெல்லாம் அந்தக் கசப்பு நாக்கிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மடுவுக்கு வந்து சேர்ந்தபோது புறப்பட்டதில் பாதிதான் மிச்சம். பூவணியின் குட்டி தண்ணீரில் வாயை வைத்தது. அது உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டுப் பூவணி அழுதது.

மடுவின் மறுபக்கத்தில் ஒரு பெருங்கூட்டம். அந்தக் கரை விலங்குகள் எல்லாம் உட்கார்ந்திருந்தன. நடுவே பாறைமேல் தோகை விரித்து நின்றது வண்ணராசா.

"பார்த்தீர்களா, இவர்கள் கோலத்தை!" என்று கழுத்தை நீட்டிக் காட்டியது. "பாலம் இன்னோர் உயிரைக் குடித்துவிட்டது! எவ்வளவு நல்லவர் கட்டாரி! நடந்து வந்ததில் எத்தனை சாவு! இதற்குத்தான் நான் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன். இவர்களிடம் ஒரு கூடை இருந்திருந்தால் இந்தக் கொடுமை நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது!" என்றது கூட்டம்.

பூவணி காதுகளை நம்ப முடியாமல் நின்றது. பிறகு தண்ணீருக்குள் இறங்கி, கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது.

"பாலம் கொல்லவில்லை! கொடியை அறுத்தது நான்! கட்டாரி கட்டிய கட்டை என் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டுபோய் இவனிடம் கொடுத்தேன். இவன் ஒரு கூடைகூடப் பின்னவில்லை! ஒன்றுகூட இல்லை!"

மூன்று நாள் நடந்து வந்த விலங்குகள் பூவணியைப் பார்த்தன. மிஞ்சிய ஒரே பிள்ளையை அணைத்தபடி நின்ற முயல், மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாவம், துக்கத்தில் என்னென்னவோ உளறுகிறாள்" என்றது. பிறகு மயிலைப் பார்த்துக் கேட்டது: "ஐயா, இந்தப் பிள்ளைக்கு ஒரு கூடை வேண்டும். எவ்வளவு கொடி கொண்டுவர வேண்டும்?"

மயில் சொன்னது. முயல் கொடி தேடப் போயிற்று. அதன் பின்னால் காட்டெருமை போயிற்று. இன்னும் பலர் போனார்கள்.

பூவணி கழுத்தளவு தண்ணீரில் நின்றது. அதன் பக்கத்தில் யாரும் வரவில்லை.

எல்லாரும் நடக்கும் பாதையைப் பாழாக்கி, தமக்கு மட்டும் வானத்தில் வழி தேடுகிறவர்களுக்குப் பறக்க வானமும் கிடைக்காது, நிற்கத் தரையும் மிஞ்சாது.